தழும்புகள் வீடு மாறிய வைகாசி

கத்திரி வெயில் முடிந்தும் புழுக்கம் முடியாத ஒரு வைகாசிச் செவ்வாய்க்கிழமை விடியலில், கொம்மட்டிபுரத்தில் இருந்த தழும்புகளெல்லாம் வீடு மாறின. இருந்த உடம்பைக் காலி செய்துகொண்டு, தங்களை யார் உண்டாக்கினார்களோ அவர்கள் உடம்பில், அதே இடத்தில், அதே நீள அகலத்தில் போய்க் குடியேறின. வலி இல்லை, அரிப்பு இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வாசல் தெளிக்க வந்த பெண்கள் தங்கள் கைகளைப் பார்த்தார்கள், பல் விளக்க வந்த ஆண்கள் தங்கள் கைகளைப் பார்த்தார்கள், பிறகு இரு சாராரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஊரில் யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. மழையே பெய்யாத வருஷத்தில் கண்மாய் உடைந்துவிட்டது என்று பேரூராட்சியில் தீர்மானம் போட்டபோது அதையே தலையாட்டிக் கேட்டுக்கொண்ட ஊர் அது. ஜவுளிக்கடையில் முழுக்கைச் சட்டை மத்தியானத்துக்குள் தீர்ந்துபோனதும், வெயிலில் வேர்த்து ஊற்ற ஊற்றக் கழுத்துப் பித்தான் வரை போட்டுக்கொண்டு ஆண்கள் டீக்கடையில் உட்கார்ந்து பருத்தி விலை பேசியதும்தான் அன்றைக்குக் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம். பத்தாம் வகுப்பு வாத்தியார் உள்ளங்கை இரண்டையும் கைக்குட்டையால் சுற்றிக்கொண்டு பாடம் எடுத்தார். இன்ஸ்பெக்டர் மருத்துவ விடுப்பில் போனார். சின்ன வயசில் பிள்ளைக்குச் சூடு போட்ட தாய்மார் சேலையைக் கொஞ்சம் இறக்கிக் கட்டினார்கள்.

நல்லவர்களும் தப்பவில்லை. ஓய்வுபெற்ற நர்ஸ் ஸ்டெல்லாவின் இரண்டு புஜங்களிலும் இடமே இல்லாமல் அம்மை ஊசித் தழும்பு வட்டம் வட்டமாக நிறைந்து, மிச்சம் முதுகுக்கு இறங்கியது. "இம்புட்டுப் பேருக்கா குத்தியிருக்கேன்!" என்று அந்தம்மா கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துப் பூரித்துப்போனாள். காளியம்மன் கோவில் பூசாரி நடை திறந்தபோது அம்மனின் கல் கன்னத்தில், அலகு குத்தின அத்தனை பக்தர்களின் துளையும் சல்லடை மாதிரி இருந்தது. பூசாரி சந்தனத்தைக் குழைத்து அப்பிவிட்டு, இனிமேல் அம்மனுக்கு வருஷம் முழுக்கச் சந்தனக்காப்பு என்று பலகை எழுதி வைத்தார்.

அசையாமல் நின்றது ஒன்றே ஒன்று. பால் சொசைட்டித் தலைவர் அரியமுத்துவின் நெற்றியில், போராட்டத்தில் போலீஸ் தடியடி வாங்கியதாக அவர் மேடைதோறும் தொட்டுக் காட்டிவந்த வெட்டுத் தழும்பு மட்டும் அவர் நெற்றியிலேயே இருந்தது. தானே விழுந்து தானே வாங்கினது தன்னைவிட்டு எங்கே போகும்? அவர் ஒருநாள் யோசித்துவிட்டு, "அடிச்ச போலீஸ்காரரை நான் அப்பவே மன்னிச்சிட்டேன், அதான் போகலை" என்றார். பால் ஊற்றுகிறவர்கள் அத்தனை பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

உலகம்மாளுக்கு அன்று விடிந்தது வேறு மாதிரி. அவள் குணசீலன் முதலாளியின் தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊர் சொல்லும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த ஆபீஸ் பற்றி எரிந்தது. பெண்கள் சாயங்காலம் நேரத்துக்கு முன்னால் வீட்டுக்கு நழுவிவிடக் கூடாதென்று பின்கதவை வெளியே பூட்டி வைப்பது அங்கே வழக்கம். முன்வாசலில் தீ, பின்வாசலில் பூட்டு. சிலர் தீக்குள்ளேயே ஓடி முன்வாசல் வழியாக வெந்தும் வேகாமலும் வெளியே வந்தார்கள். சிலர் வரவில்லை. உலகம்மாளின் பக்கத்து இருக்கைக்காரி பவுனு வரவில்லை. உலகம்மாளின் இடது முன்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாதித் தூரம் வந்தவள், மேலேயிருந்து உத்திரம் விழுந்ததும் அந்தப் பக்கம் நின்றுபோனாள்.

உலகம்மாளின் கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோயிற்று. ஆனால் பவுனு பிடித்திருந்த இடம் மட்டும் வேகவில்லை. சுருங்கிச் சிவந்த தோலுக்கு நடுவே நான்கு விரல் அகலத்துக்கு நான்கு கோடு, பிள்ளைத்தோல் மாதிரி. அவை பவுனுவின் விரல்கள். பவுனுவுக்குப் புருஷன் பிள்ளை கிடையாது, ஒரு போட்டோகூடக் கிடையாது. உலகம்மாள் கையில் தேங்காயெண்ணெய் தடவும்போதெல்லாம் தன் வலது கை விரல்களை அந்த நான்கு கோட்டில் வைத்துப் பார்ப்பாள். பவுனுவுக்குக் கொஞ்சம் கட்டையான விரல்கள். சுண்டுவிரல் மட்டும் நீளம். வைத்துக்கொண்டு, வீட்டில் நடந்தது, தெருவில் நடந்தது ஏதாவது இரண்டு வார்த்தை சொல்லுவாள்.

அன்று எண்ணெயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது கை வழவழவென்று இருந்தது.

புருஷன் சங்கரவேல் லோடு ஆட்டோவைக் கிளப்பப் போனவன் திரும்பி ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். சந்தோஷ அழுகைதான். "உலகு, கலியாணத்தன்னைக்குப் பாத்த கைடீ இது" என்றான். சாயங்காலம் ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கி வந்தான். அவள் போட்டுக்கொண்டாள். அவன் தூங்கினதும் கழற்றி வைத்தாள்.

ஒன்று மட்டும் அவளுக்கும் வந்து சேர்ந்திருந்தது. மகன் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது ஆத்திரத்தில் அகப்பையை விட்டெறிந்து அவன் தாடையில் பட்ட காயம், இப்போது அவள் தாடையில் கீற்றாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

குணசீலன் முதலாளி மூன்று நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அவர் உடம்பில் தலையிலிருந்து கால்வரை, தீப்பெட்டி ஆபீஸில் வெந்த பெண்களின் தழும்பு பூராவும் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு வந்து இறங்கியிருந்தது. முகத்தின் வலப்பக்கம் சண்முகக்கனி என்கிற பெண்ணுடையது. முதுகு காளீஸ்வரியுடையது. இடது முன்கை உலகம்மாளுடையது. தீப்பிடித்த அன்றைக்கு அவர் திருச்செந்தூரில் பேரனுக்கு மொட்டை போட்டுக்கொண்டிருந்தார் என்பது ஊருக்கே தெரியும். பின்கதவு பூட்டியே இருக்கவில்லை, பொம்பளைகள் பயத்தில் வழி தெரியாமல் முட்டிக்கொண்டார்கள் என்று கோர்ட்டில் சொல்லி, வழக்கு ஆமை மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. இப்போது உடம்பே சாட்சி சொல்ல வந்துவிட்டதே என்று அவர் போர்வைக்குள் நடுங்கினார்.

நாலாம் நாள் சென்னையிலிருந்து அவருடைய தங்கை மகன் ஜெயவேந்தன் வந்தான். விளம்பரக் கம்பெனியில் இருப்பவன். போர்வையை விலக்கி மாமாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"மாமா, இதைப்போய் மறைக்கிறீங்களே. தீக்குள்ள பாய்ஞ்சு தொழிலாளிகளைக் காப்பாத்தின உடம்பு இப்பிடித்தான இருக்கும்?"

"நான்தான் அன்னைக்கு ஊர்லயே இல்லையேடா."

"தழும்பு இருக்கே மாமா."

ஊர் எப்படி ஒத்துக்கொள்ளும் என்பதுதான் கேள்வி. ஊரே ஒத்துக்கொள்ளக் காத்திருந்தது. எந்த வீட்டை எடுத்தாலும் முழுக்கைச் சட்டைக்குள் ஒருவர் வெந்துகொண்டிருந்தார். அவர்களுக்கெல்லாம் ஒரு நல்ல விளக்கம் அவசரமாகத் தேவைப்பட்டது. ஆகவே காளியம்மன் கோவில் பொங்கலுக்கு, குணசீலன் முதலாளியின் உபயத்தில் ஒரு பட்டிமன்றம் ஏற்பாடாயிற்று. தலைப்பு: 'தழும்பு போய்ச் சேர்வது கொடுத்தவரிடமா, தாங்குபவரிடமா?' நடுவர் சொல்லருவி மாசிலாமணி.

கொடுத்தவரிடமே என்று பேச வந்த அணி நாலு ஜோக் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டது. தாங்குபவரிடமே என்ற அணி நர்ஸ் ஸ்டெல்லாவை மேடைக்குக் கூப்பிட்டுப் புஜத்தைக் காட்டச் சொன்னது. "இந்தத் தாய் யாருக்குக் கெடுதல் செய்தாள்? அன்பால் அல்லவா இவள் நம் தழும்பை வாங்கிக்கொண்டாள்? சரி, அம்மன்? அம்மன் யாரையாவது அடித்தாளா?" பூசாரி முன்வரிசையிலிருந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் சொல்லருவி எழுந்து, தொண்டையைச் செருமி, தழும்பு என்பது நம்மை யார் அளவுகடந்து நேசிக்கிறார்களோ அவர்களைத் தேடித்தான் போகும் என்று தீர்ப்புச் சொன்னார். ஆண்கள் பக்கம் எழுந்த கைதட்டலில் பந்தல் ஆடியது. அங்கேயே, அந்த இடத்திலேயே, எத்தனையோ பேர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்கள். காற்று பட்டதும் அவர்கள் முகத்தில் வந்த நிம்மதியை எழுதி முடியாது. மறுநாள் இன்ஸ்பெக்டர் விடுப்பை ரத்துசெய்துவிட்டுப் பணிக்குத் திரும்பினார். ஒரு புருஷன் தன் கழுத்தில் இருந்த அரிவாள்மனைத் தழும்பைப் பெண்டாட்டிக்கே காட்டி, "பாத்தியா, உன் மேல எனக்கு எம்புட்டு ஆசை" என்றான்.

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உலகம்மாள் தன் தாடையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருந்த காளீஸ்வரியிடம் சொன்னாள்: "நான் ஆசையிலயா எறிஞ்சேன்? ஆத்திரத்துலல்லா எறிஞ்சேன்."

"மெதுவாப் பேசு மதினி. நடுவர் தீர்ப்புச் சொல்லிட்டாரு."

தீர்ப்புக்கு அப்புறம் ஊர் முழுக்கக் குணசீலன் முதலாளியின் படம் ஏறியது. சட்டையில்லாத உடம்பு, பின்னால் வரைந்த தீ, மேலே 'தணல் நாயகர்' என்று பட்டம். பேரூராட்சித் தேர்தலில் தலைவர் பதவிக்கு நின்றார். தினமும் காலையில் வீட்டு முற்றத்தில் துண்டு மட்டும் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஜனங்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். சிலர் குழந்தைகளைக் கொண்டுவந்து காட்டினார்கள்.

உலகம்மாளை அரசு வக்கீல் கோர்ட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷர், ஆனால் களைத்துப்போனவர். அவள் கையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன் கையில ஒண்ணுமே இல்லையேம்மா. நீ அன்னைக்கு ஆபீஸ்லயே இல்லைன்னு அவங்க தரப்புல சொல்றாங்க. தழும்பெல்லாம் அவர்கிட்ட இருக்கு. பாக்கப்போனா அவர்தான் பாதிக்கப்பட்டவர் மாதிரி இருக்கு."

"கதவு பூட்டியிருந்துச்சே ஐயா?"

"அதுக்கு யாரு சாட்சி?"

கோர்ட்டிலிருந்து வந்த வழியே அவள் முதலாளி வீட்டு வரிசையில் போய் நின்றாள். வழக்குக்காக இல்லை. தன் பழைய கையைப் பார்த்தே எத்தனையோ நாளாகிவிட்டது. அவள் முறை வந்தபோது முதலாளி அவளை அடையாளம் கண்டுகொண்ட மாதிரித் தெரியவில்லை.

"மொதலாளி, அந்த இடது கையை ஒருக்கா நீட்டுங்க."

எல்லோரும் கேட்பதுதானே என்று அவர் நீட்டினார். ரோமம் அடர்ந்த, மோதிரம் போட்ட அந்தக் கையில், முழங்கைக்குக் கீழே, நான்கு கோடும் அப்படியே இருந்தன. உலகம்மாள் தன் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக அதில் வைத்தாள். கட்டையான விரல்கள், நீளச் சுண்டுவிரல். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊரார் முன்னால் ஒன்றும் சொல்ல முடியாமல், "வந்திருக்கேன் பவுனு" என்று மட்டும் உதட்டுக்குள் சொன்னாள். முதலாளி கேமரா பக்கம் திரும்பிச் சிரித்தார். ஜெயவேந்தன் படம் எடுத்தான்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பெரிய பேனர். முதலாளியின் கையை அழுதபடி பிடித்துக்கொண்டு உலகம்மாள். அடியில், 'என்னைக் காத்த கரம் இதுதான்!' சங்கரவேலிடம் டீக்கடையில் ஒரு ஆள், "ஒம் பொண்டாட்டி பேனர்ல போடுற அளவுக்கு ஆயிட்டா" என்று கை குலுக்கினான். சங்கரவேல் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அந்த ஆளுதான் ஒன்னையக் காப்பாத்துனாரா?"

"நீ என்ன நெனைக்க?"

"ஒன்னைய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல தூக்கிப் போட்டுட்டுப் போனது நான். எனக்குத் தெரியாதா? ஆனா ஊரு பூரா சொல்லுதே உலகு. கேட்டுக்கேட்டு எனக்கே சந்தேகம் வருது."

அவள் அப்போது முடிவு செய்தது ஒன்றும் பெரிய முடிவு இல்லை. அந்த ஆள் பேசுகிற கூட்டத்துக்கெல்லாம் போவது, முன்னால் உட்கார்ந்து கேட்பது. காளீஸ்வரியைக் கூப்பிட்டாள். காளீஸ்வரி சண்முகக்கனியைக் கூப்பிட்டாள். முகம் தெளிந்து, இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்துகொண்டிருந்த சண்முகக்கனி முதலில் தயங்கினாள். "எனக்கு அது திரும்ப வேணாம்க்கா" என்றாள். "ஒன்னைய யாருளா வாங்கிக்கச் சொன்னா? சும்மா வந்து உக்காரு" என்றாள் உலகம்மாள்.

முதலாளியின் கதை கூட்டத்துக்குக் கூட்டம் வளர்ந்தது. முதல் கூட்டத்தில் ஒருவரைத் தூக்கி வந்தார். அடுத்ததில் தோளுக்கு ஒருவராக இரண்டு பேர். மூன்றாவதில், திருச்செந்தூரில் முருகனே கனவில் வந்து 'போடா, உன் மக்கள் வேகுது' என்று எழுப்பிவிட்டார். கைதட்டல் ஏறஏறக் கதை ஏறியது, கதை ஏறஏறக் கைதட்டல் ஏறியது. எது எதை இழுத்துக்கொண்டு போனதென்று சொல்ல முடியாது. அவருக்கே அவர் சொன்னதெல்லாம் நடந்ததாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. தான் கேட்டிராத அலறல்களை நினைத்து மேடையிலேயே நிஜமாகக் கண்ணீர் விட்டார்.

கடைசிக் கூட்டம் பஜாரில், சாயங்காலம். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"முன்வாசல் பூரா தீ! நுழைய முடியலை! விட்டேனா? பின்னால ஓடினேன். பாத்தா, கதவுல பூட்டுத் தொங்குது! உள்ள என் தாய்மார் கதவைத் தட்டுற சத்தம்! அப்ப என் மடியில இருந்த சாவியை எடுத்தேன்…"

கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் தட்டவில்லை. உலகம்மாள் எழுந்தாள். சத்தம்கூடப் போடவில்லை, கேள்வி கேட்கிற பெண்ணைக் காட்டினால் நன்றாக இருக்கும் என்று ஜெயவேந்தன்தான் ஓடிவந்து அவள் வாயருகே மைக்கைப் பிடித்தான். பேனரில் இருக்கும் பெண்ணல்லவா.

"அப்ப சாவி உங்ககிட்டதான் இருந்துச்சா மொதலாளி?"

"பின்னே?" என்றார் முதலாளி, கைதட்டலின் சூடு ஆறாமல். "வேற எவங்கிட்டயும் குடுக்கவே மாட்டேன் தாயி! பூட்டுனா நான்தான் பூட்டுவேன், திறந்தா நான்தான் திறப்பேன்!"

பழக்கத்தில் மறுபடியும் கைதட்டினார்கள். பிறகு முன்வரிசையில் ஒருவர் நிறுத்தினார், அவர் பின்னால் இருந்தவர் நிறுத்தினார், அப்படியே வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போய், கடைசியில் டீக்கடை ஓரம் நின்ற ஒரு குடிகாரன் மட்டும் தட்டிக்கொண்டிருந்தான். எத்தனையோ செல்போன்கள் தூக்கிப் பிடித்தபடியே இருந்தன. அத்தனையும் ஜெயவேந்தன் ஏற்பாடு செய்தவை.

அரசு வக்கீலுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. முதலாளியின் வக்கீல் எழுந்து, தன் கட்சிக்காரர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, மேடையில் சொன்னதெல்லாம் பொய் என்றார். அப்படியானால் இந்தத் தழும்பெல்லாம் எப்படி வந்தது என்று நீதிபதி கேட்டார். வக்கீல் சொல்லருவியின் தீர்ப்பைக் கோர்ட்டில் தாக்கல் செய்யலாமா என்று யோசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். குணசீலன் முதலாளி ஜெயிலுக்குப் போனார். தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற பால் சொசைட்டி அரியமுத்து ஜெயித்தார்.

ஊர் இதையும் ஒரு வாரத்தில் செரித்துக்கொண்டது. தழும்பு நேசிப்பவரிடம்தான் போகும், ஆனால் நேசிப்பவரும் சில சமயம் கதவைப் பூட்டிவிடுவது உண்டு என்று சொல்லிக்கொண்டார்கள். மடித்துவிட்ட சட்டைக் கை மடித்தபடியே இருந்தது.

உலகம்மாள் மனு எழுதிக் கொடுத்து ஜெயிலுக்குப் போக ஆரம்பித்தாள். கழுத்துப் பித்தான் வரை போட்ட ஜெயில் சூப்பரிண்டு அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். கம்பிக்கு அந்தப் பக்கம் முதலாளி, இந்தப் பக்கம் அவள். அவர் கையை நீட்டுவார். அவள் விரல்களை வைத்துக்கொண்டு, மகன் எட்டாவது போனது, சங்கரவேல் ஆட்டோவுக்கு டயர் மாற்றியது எல்லாம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். முதலாளி தன்னிடம்தான் பேசுகிறாள் என்று நினைத்து முதல் நாள், "அப்படியா, நல்லது தாயி" என்றார்.

"உங்ககிட்டப் பேசலை மொதலாளி" என்றாள் அவள். அதன் பிறகு அவர் பேசாமல் கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நாளில் மற்றவர்களும் வந்தார்கள். கல்யாணம் நிச்சயமான சண்முகக்கனி பட்டுச்சேலையில் வந்து, கம்பியோடு முகத்தை ஒட்டி வைத்து, முதலாளியின் வலது கன்னத்தை வெகுநேரம் பார்த்தாள். வெந்த முகத்தோடு இருந்தவரை அவள் கண்ணாடி பார்த்ததே கிடையாது.

"இம்புட்டுத்தானா?" என்றாள். "இதுக்காகவாக்கா அத்தனை பேரும் என்னையக் கண்டு தலையத் திருப்பிக்கிட்டுப் போனாங்க?"

முதலாளி தலையைக் குனியப் போனார். "நிமிருங்க, இன்னும் பாத்து முடிக்கலை" என்றாள் அவள். நிமிர்ந்தார்.

அவள் பார்த்து முடித்து நகர்ந்ததும், பின்னால் நின்ற காளீஸ்வரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கம்பிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"நாலு மணி பஸ்ஸை விட்டா அடுத்தது இல்லை. என்னுது முதுகுல இருக்கு, நான் இன்னும் ஒரு நாள்கூடப் பாத்ததில்லை" என்றாள். "திரும்புங்க மொதலாளி."

குணசீலன் முதலாளி சட்டையைக் கழற்றிவிட்டு, திரும்பி நின்றார்.